வாசகர் கேள்வி: வெறும் கட்டமும் பூஜ்ஜியமும்

(தொற்றுநோய்க் கணக்கு பார்ப்பதையே 15 ஆண்டுகளாக வேலையாகச் செய்துவரும் புள்ளியியலாளர் ஒருவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: 'காய்ச்சல்', 'இருமல் மருந்து' என்று எத்தனை பேர் கூகுளில் தேடுகிறார்கள் என்பதை வைத்தே ஃப்ளூ எங்கே பரவுகிறது என்று சொல்லிவிடலாமாமே? அப்படியென்றால் டாக்டர்களின் அறிக்கைக்கு ஏன் காத்திருக்க வேண்டும்?
– கல்லூரி மாணவி

பதில்: நீங்கள் சொல்வதைக் கூகுள் நிறுவனமே செய்துபார்த்தது. 2008-ல் 'கூகுள் ஃப்ளூ டிரெண்ட்ஸ்' வந்தபோது நானும் மாணவிதான். மக்கள் அதிகம் தேடிய ஐந்து கோடி தேடல் சொற்களை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பழைய ஃப்ளூ கணக்கோடு ஒட்டிப் பார்த்து, 45-ஐ மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். டாக்டர்களின் குறிப்புகளைத் தொகுத்து மையத்தின் அறிக்கை வர ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். இது மறுநாளே சொல்லிவிடும். இரண்டு கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்துபோகும் அந்த வரைபடத்தை அச்செடுத்து மேஜைக்கு மேலே ஒட்டிவைத்திருந்தேன்.

அடுத்த வருடமே பன்றிக்காய்ச்சல் வந்தது. வழக்கமாகக் குளிர்காலத்தில் வருவது வசந்தத்தில் வந்தது. முதல் அலையைக் கூகுள் கணக்கு குறைத்துக் காட்டியது. 2012-13 குளிர்காலத்தில் நேர்மாறாக, உச்சத்தில் மையத்தின் கணக்கைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு காட்டியது. செய்தியில் ஃப்ளூ அடிபட்டால் உடம்பு நன்றாக இருப்பவரும் தேடுவார். தேடல் பெட்டியும் அதற்குள் மாறியிருந்தது. பாதி தட்டும்போதே மீதியை அதுவே எடுத்துக் கொடுக்கும். 2015-ல் எண்களை வெளியிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

தேடுகிறவருக்கே காய்ச்சல் இருக்கலாம். பக்கத்தில் படுத்திருக்கும் குழந்தைக்கு இருக்கலாம். டிவி பார்த்து வந்த பயமாகவும் இருக்கலாம். கணினிக்கு மூன்றும் ஒன்றுதான். பிரித்துச் சொல்ல, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்த ஒரு டாக்டரின் குறிப்பு வேண்டும். 2014-ல் கூகுள் கணக்கைச் சரிபார்த்த ஆய்வாளர்கள் கண்டதும் இதுதான்: இரண்டு வாரம் பழைய டாக்டர் கணக்கு மட்டுமே கூகுளைவிட நன்றாகக் கணித்தது, இரண்டையும் சேர்த்தபோது இன்னும் நன்றாக வந்தது. அதனால் தேடலைத் தூக்கி எறியச் சொல்லமாட்டேன். தனியாக விடாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

கேள்வி: நான் எங்கெங்கே போகிறேன் என்பதை என் செல்போன் காட்டிக்கொடுக்கிறது. அதை நோய் ஆய்வுக்குக் கொடுக்கலாமா? பயமாக இருக்கிறது.
– இல்லத்தரசி

பதில்: பயப்படக் காரணம் இருக்கிறது. பயனையும் சொல்லிவிடுகிறேன். கென்யாவில் 2008 ஜூனிலிருந்து ஒரு வருடத்துக்கு, ஏறக்குறைய ஒன்றரைக் கோடி செல்போன்கள் எந்த டவரிலிருந்து எந்த டவருக்கு நகர்ந்தன என்பதை மலேரியா வரைபடத்தோடு சேர்த்துப் பார்த்தார்கள். கொசு பறக்கும் தூரம் கொஞ்சம்தான். மலேரியாக் கிருமியை ரத்தத்தில் சுமந்துகொண்டு தொலைதூரம் போவது மனிதர்கள். விக்டோரியா ஏரிப் பக்கத்திலிருந்து நைரோபி வரை அது எப்படிப் போகிறது என்று அந்த ஆய்வில் தெரிந்தது. எங்கே முதலில் கட்டுப்படுத்த வேண்டும் என்று முடிவுசெய்ய இது பெரிய உதவி.

ஆனால், "பெயரை எடுத்துவிட்டோம், கவலைப்படாதீர்கள்" என்று யாராவது சொன்னால் அதோடு திருப்தியடையாதீர்கள். 15 லட்சம் பேரின் செல்போன் டேட்டாவை வைத்து 2013-ல் ஓர் ஆய்வு வந்தது. ஒருவர் எந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்று நான்கு தடவை தெரிந்தாலே போதும், 95 சதவிகிதம் பேரைத் தனியாகப் பிரித்துவிடலாம் என்றது. ஆள்வாரியாக வைத்திருக்கிறீர்களா, பகுதிவாரியாகக் கூட்டிவிட்டீர்களா, எப்போது அழிப்பீர்கள் என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

என் மனதை அரிப்பது வேறொன்று. ஆப்பிரிக்காவில் மலேரியாவால் சாகிறவர்களில் பெரும்பாலோர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். அவர்கள் கையில் ஏது செல்போன்?

கேள்வி: சாக்கடை நீரைப் பரிசோதித்து நோயைக் கண்டுபிடிக்கிறார்களாமே, நிஜமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர்

பதில்: நிஜம்தான், ஐயா. 2022-ல் லண்டன் கழிவுநீரில் போலியோ வைரஸ் தெரிந்தது. ஒரு குழந்தைக்கும் கை கால் முடங்குவதற்கு முன்பே, அந்நகரில் 1 முதல் 9 வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கூடுதல் தடுப்பூசி கொடுக்க ஆரம்பித்தார்கள். செல்போன் இல்லாதவரும் டாக்டரிடம் போகாதவரும் இந்தக் கணக்கில் வந்துவிடுகிறார்கள் என்பதால் எனக்கு இது மிகவும் பிடித்த முறை.

கேள்வி: எனக்கு எக்செல் மட்டும்தான் தெரியும். உங்கள் துறைக்கு வரலாமா?
– வேலை தேடும் இளைஞர்

பதில்: வாங்க தம்பி. ஆனால் அந்த எக்செல்லை நன்றாகத் தெரிந்துகொண்டு வாருங்கள். பழைய எக்ஸ்எல்எஸ் கோப்பில் 65,536 வரிசைக்கு மேல் ஏறாது. 2020-ல் இங்கிலாந்தில் அது தெரியாமல் போனதால், ஒரு வார காலத்தில் 15,841 கொரோனா நோயாளிகள் தினசரிக் கணக்கில் விடுபட்டார்கள். அவர்களோடு பழகியவர்களைத் தேடிப் போவதும் தாமதமானது.

நான் செய்த தவறையும் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம். நாற்பது சுகாதார நிலையங்களிலிருந்து தினமும் காய்ச்சல் எண்ணிக்கை வரும். ஒரு நிலையத்தில் 11, 14, 19, அதன்பிறகு நான்கு நாள் பூஜ்ஜியம். 'குறைந்துவிட்டது' என்று வார அறிக்கையில் எழுதினேன். அங்கே போகவேண்டிய கொசு ஒழிப்புக் குழுவை வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஐந்தாம் நாள் 52 என்று வந்தது. பதறிப்போய் போன் போட்டேன். எடுத்த நர்ஸ் அக்கா, "நாலு நாளா நெட் இல்ல மேடம். நோட்டுல எழுதித்தான் வச்சிருக்கேன். காய்ச்சல் நிக்கல, கணக்குதான் நின்னுச்சு" என்றார். பிறகு நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக வாசித்தார்: 23, 31, 38, 44. வெறும் கட்டத்தைப் பூஜ்ஜியமாக நிரப்பும்படி புரோகிராமில் எழுதியிருந்தது நான்தான்.

இப்போது வெறும் கட்டம் வந்தால் என் திரையில் சிவப்பாகத் தெரியும். காலையில் வந்ததும் முதல் போன் அந்த நிலையத்துக்குத்தான்.