கேள்வி பதில்: நமீபியா வேட்டையில் எத்தனை மீட்டரில் சுடுவார்கள்?

நமீபியாவில் ஒரு வேட்டைப் பண்ணையில் வேலை பார்த்துவிட்டு குலசேகரத்துக்குத் திரும்பியவன் நான். வழிகாட்டியோடு போகும் வேட்டையைப் பற்றிக் கேளுங்கள்.

அருமனை: அண்ணே, சாதாரணமா எவ்வளவு தூரம்?

குடு மான் புதருக்குள் நிற்கும். 60 முதல் 150 மீட்டர். ஜெம்ஸ்பாக், ஸ்பிரிங்பாக் மான்கள் எல்லாம் வெட்டவெளியில் மேயும், 200ஐத் தாண்டுவதும் உண்டு. எருமை என்றால் 100க்கு உள்ளேதான். காயப்பட்ட எருமை திரும்பித் தாக்க வரும், தம்பி.

தக்கலை (இப்போது பெர்த்தில்): சுடும் பயிற்சி ரேஞ்சில் 300 மீட்டரில் தவறாமல் அடிக்கிறேன். அங்கேயும் 300 சரிதானே?

ரேஞ்சில் படுத்துக்கொண்டு, மணல்மூட்டையில் வைத்துச் சுடுகிறீர்கள். அங்கே மூன்று கால் குச்சியில் துப்பாக்கியைச் சாய்த்து, நின்றபடி, நடந்த மூச்சு அடங்கும் முன்பே சுட வேண்டும். .308 ரகத் துப்பாக்கியின் குறியை 100 மீட்டருக்குச் சரிசெய்து வைத்தால் 200ல் குண்டு அரைச்சாண் இறங்கும், 300ல் ஒரு முழத்துக்குக் கிட்ட. போய்ச் சேர சுமார் 0.4 நொடி. அதற்குள் மான் ஒரு எட்டு வைத்தால் நெஞ்சு போய் வயிறு. ரத்தம் சிந்திய விலங்கு கிடைக்காவிட்டாலும் முழு விலையும் உங்கள் கணக்கில்தான்.

நாகர்கோவில்: லேசரில் தூரம் பார்த்து டெலஸ்கோப்பைத் திருகினால் போதுமே, அண்ணாச்சி?

இறக்கம் சரியாகும், சம்மதம். காற்றுக்கு எவ்வளவு திருகுவீர்கள்? ஆரல்வாய்மொழியில் காற்றாலை சுற்றும் நாளில் போய் நின்று பாருங்கள். உங்களுக்கும் மானுக்கும் நடுவே அது மூன்று இடத்தில் மூன்று மாதிரி வீசும். மான் வைக்கும் எட்டுக்கோ எந்தத் திருகும் இல்லை.

தக்கலை: வழிகாட்டியே 250ல் சுடச் சொன்னால்?

போன அன்றே குறிப்பலகையில் உங்களைச் சுடவைத்துப் பார்ப்பார். அதைப் பார்த்துத்தான் சொல்வார். மனம் ஒப்பவில்லையா, வேண்டாம் என்று சொல்லுங்கள். கிட்டே கொண்டுபோவதுதான் அவர் வேலை.

குழித்துறை: எந்தத் துப்பாக்கி?

நமீபியச் சட்டமே குண்டின் ஆற்றலுக்கு அளவு வைத்திருக்கிறது. ஸ்பிரிங்பாக்குக்குக் குறைந்தது 1350 ஜூல், குடுவுக்கு 2700, எருமைக்கு 5400.

திருவட்டாறு: மரச்சீனி விளையைப் பன்றி உழுதுபோட்டது. எத்தனை மீட்டரில் சுடலாம்?

பூஜ்யம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வனத்துறையில் மனு கொடுங்கள்.

பேச்சிப்பாறை: பன்றிக்கு...

மேலே படியும், மக்கா.

அருமனை: எங்கே குறிவைக்கணும்?

பக்கவாட்டில் நின்றால் முன்னங்காலுக்கு நேர் மேலே, உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கில். கோணலாகத் திரும்பி நின்றால் காத்திருங்கள். காயப்படுத்திவிட்டால் புதருக்குள் முதலில் போகிறவர் வழிகாட்டி.

தக்கலை: சரி, 280?

விடமாட்டீர்கள் போல. குச்சியில் நின்று 200ல் அஞ்சு குண்டும் ஒரு சிரட்டை அளவுக்குள் விழட்டும். அப்புறம் பேசலாம்.