மொரிஷியஸ் ஏழு அருவிக்கு வழிகாட்டி இல்லாமல் போகலாமா? 62 வயது அம்மாவை அழைத்துச் செல்லலாமா?

போகலாம். அப்படிப் போய் வருகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் நான் போக மாட்டேன். அம்மாவைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு ஜூன் மாதம் நானும் கணவரும் கல்லூரியில் படிக்கும் மகனும் போனோம். வரைபடத்தில் தாமரின் அருவி என்று இருக்கும். உள்ளூரில் யாரைக் கேட்டாலும் 'சேத் காஸ்காட்' என்பார்கள், ஏழு அருவி என்று பொருள். ஏழுதானா என்று கேட்காதீர்கள். எங்கள் வழிகாட்டி 11 என்றார், மகன் 9 என்றான், நான் நான்காவதோடு எண்ணுவதை விட்டுவிட்டேன்.

எங்கள் விடுதியில் சுற்றுலா ஏற்பாடு செய்து கொடுத்தவர் 'குடும்பத்தோடு போகிற எளிய நடை' என்று சொல்லியிருந்தார். அவர் ஒருமுறையாவது கீழே இறங்கியிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம். மலை ஏறப் போனால் காலையில் தெம்போடு ஏறுவோம், முடியாவிட்டால் பாதியில் திரும்புவோம், திரும்புகிற வழி இறக்கமாக இருக்கும். இங்கே எல்லாம் தலைகீழ். ஹென்ரியட்டா கிராமத்துக் கரும்புத் தோட்டங்களின் ஓரமாக நடந்தால் கொஞ்ச நேரத்தில் மேட்டின் விளிம்பு வந்துவிடும். அதற்கப்புறம் அருவி அருவியாக இறக்கம்தான். எல்லா அருவிகளையும் சேர்த்தால் ஏறக்குறைய 300 மீட்டர் உயரம். குளித்து, நனைந்து, பசித்து, கால் துவண்ட பிறகுதான் ஏற்றம் தொடங்குகிறது. இறங்கும்போது வரும் உற்சாகத்தில் இது யாருக்கும் நினைவிருப்பதில்லை. 'போதும், இனித் திரும்பலாம்' என்று சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்கே வழிகாட்டிக்குக் கொடுக்கிற காசு தகும்.

எங்களுக்கு வாய்த்தவருக்கு நாற்பது வயது இருக்கும். வணக்கம் சொன்ன கையோடு குனிந்து எங்கள் மூவரின் காலணிகளைப் பார்த்தார். என்னுடையதன் அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அது வழவழவென்று தேய்ந்து போயிருந்தது. பையிலிருந்து சணல் கயிறு எடுத்து, பாதத்தின் நடுப்பகுதியில் காலணியைச் சுற்றி நான்கு சுற்று இறுக்கி, முடிச்சை மேல்பக்கம் வருமாறு போட்டார். பார்க்க வெங்காய மூட்டை மாதிரி இருந்தது. மகன் படம் எடுத்துச் சிரித்தான். இரண்டாவது அருவிக்குக் கீழே ஆற்றைக் கடக்கையில் விலை உயர்ந்த காலணி போட்டிருந்த அவன் உட்கார்ந்த வாக்கில் வழுக்கினான், நான் வழுக்கவில்லை. இந்தத் தீவே எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்து உருவானது. அந்தக் கரும்பாறையில் ஈரமும் மெல்லிய பாசியும் சேர்ந்தால் சோப்புக் கட்டிதான்.

வழிகாட்டியின் குடும்பப் பெயர் தமிழ்ப் பெயர். தமிழ் பேச வராது, வீட்டிலும் பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழிதான். ஆனால் ஒரு செடியைக் கிள்ளி என் மூக்கருகே நீட்டி 'கரிபூலே' என்றார். கறிவேப்பிலை! அங்கே ரசத்துக்கும் 'ரசோன்' என்றுதான் பெயர். பாட்டன் மொழி சமையலறையில் மட்டும் தங்கிவிட்டது போலும். அந்த நாட்டு ரூபாய்த் தாளிலும் தமிழ் எழுத்து உண்டு, கவனித்துப் பாருங்கள்.

வழி தவறுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தவறும். சீனக் கொய்யா அங்கே புதராக மண்டிக் கிடக்கிறது. நெல்லிக்காய் அளவில் சிவந்த பழம், புளிப்பும் இனிப்புமாக இருக்கும். நாங்கள் பறித்துத் தின்றபடியே நடந்தோம். வெளியிலிருந்து வந்த இந்தச் செடிதான் அந்த மண்ணுக்கே உரிய மரங்களை முளைக்கவிடாமல் நெருக்குகிறது என்று அவர் சொன்ன பிறகு, இன்னும் நிறையப் பறிக்கலாம் என்று மகன் முடிவு செய்தான். பழம் பறிக்க வருகிறவர்களும் கயிற்றில் தொங்கி அருவியில் இறங்குகிறவர்களும் போட்ட ஒற்றையடிப் பாதைகள் புதருக்குள் எங்கும் பிரிகின்றன. சில பாதைகள் நேராகப் பாறை விளிம்பில் போய் முடிகின்றன.

எனக்கு உண்மையில் பயம் தந்தது மழைதான். கடற்கரை விடுதியில் வெயில் அடிக்கும். தென்கிழக்குக் காற்று கொண்டுவரும் மேகமெல்லாம் தீவின் நடுமேட்டில், க்யூர்பிப் நகரத்துப் பக்கம் கொட்டிக்கொண்டிருக்கும். அந்த மேட்டுத் தண்ணீர்தான் இந்த அருவிகளுக்கு வருகிறது. குற்றாலத்தில் திடீர் வெள்ளம் பார்த்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. நாங்கள் குளித்துக்கொண்டிருந்தபோது வழிகாட்டி எங்களைப் பார்க்கவே இல்லை, தண்ணீரின் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கலங்கலும் சருகும் வரத் தொடங்கினால் ஒரு நிமிடம்கூட நிற்கக்கூடாதாம். ஜனவரி முதல் மார்ச் வரை புயலும் மழையும் மிகுந்த காலம், அப்போது இந்தப் பேச்சே வேண்டாம். ஜூன் அங்கே குளிர்காலம். முதல் முழுக்கில் பல் கிட்டிப் போனது. காலில் ஆறாத புண் இருந்தால் குளிக்காதீர்கள், அந்த நாட்டு ஆற்று நீரில் எலிக்காய்ச்சல் தொற்றும் அபாயம் உண்டு.

ஏற்றத்தில் கணவரின் வலது முழங்கால் மக்கர் செய்தது. வழிகாட்டி அவர் பையையும் தன் தோளில் மாட்டிக்கொண்டு, 'டூஸ்மா, டொன்டோன், டூஸ்மா' என்று சொல்லிக்கொண்டே முன்னால் போனார். மெதுவாக மாமா, மெதுவாக. வேரைப் பிடித்து, கட்டியிருந்த கயிற்றைப் பிடித்து, மரத்துக்கு மரம் நின்று மேலே வர இரண்டு மணி நேரம். ஜூனில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், பள்ளத்தாக்கில் அதற்கும் முன்பே இருட்டு. காலை எட்டு மணிக்கே இறங்கத் தொடங்குங்கள்.

விடுதி வழியாக ஏற்பாடு செய்யாமல், க்யூர்பிப்பிலிருந்து பஸ் பிடித்து ஹென்ரியட்டாவில் இறங்கி நேரடியாகப் பேசலாம். பஸ் நிலையத்தருகே ஆட்கள் காத்திருப்பார்கள். எத்தனையாவது அருவி வரை, தலைக்கா அல்லது மொத்தத்துக்கா என்று முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். முதல் மூன்றோடு நிறுத்திக்கொள்கிறேன் என்றாலும் ஒப்புக்கொள்வார்கள். வேறு எதைப் பார்க்கிறீர்களோ இல்லையோ, அவர் உங்கள் காலணியைப் பார்க்கிறாரா என்று பாருங்கள்.

அம்மாவைக் கீழே இறக்க வேண்டாம். ஆனால் விடுதியிலும் விட்டுவிடாதீர்கள். மேட்டு விளிம்பு வரை வழி ஏறக்குறையச் சமதளம், மெதுவாக நடந்து வந்துவிடுவார். அங்கிருந்தே அருவி விழுவதும் பள்ளத்தாக்கும் தெரியும், வானம் தெளிவாக இருந்தால் தூரத்தில் கடலும் தெரியும். வெள்ளை நிறத்தில் நீண்ட வால் கொண்ட பறவைகள் நம் காலடிக்குக் கீழே பறக்கும், நான் அதைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வருகிற வழியில் 'கட்டோ பிமா' ஒரு பொட்டலம் வாங்கிக்கொள்ளுங்கள். நம் பருப்பு வடையேதான், அளவில் சிறியது. அம்மா சாப்பிட்டுவிட்டு உப்பு குறைச்சல் என்பார். என் மாமியாராக இருந்தால் நிச்சயம் சொல்லியிருப்பார்.