“புக்கிட் அமானிலிருந்து பேசுகிறோம்”: தொல்லை தரும் அழைப்புகள் பற்றி வாசகர் கேள்விகள்

நன்கொடை கேட்டு நச்சரிக்கும் அழைப்புகளையும், மலேசியப் போலீஸ் தலைமையகமான புக்கிட் அமானின் பெயரைச் சொல்லி மிரட்டும் அழைப்புகளையும் இந்த முறை ஒன்றாகவே எடுத்துக்கொண்டோம். இரண்டிலும் முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான். அழைத்தவர் கொடுத்த எண்ணை ஓரமாக வைத்துவிட்டு, நாமே தேடி எடுத்த எண்ணுக்கு நாமே அழைக்க வேண்டும்.

கே: முதியோர் இல்லத்துக்கான விருந்து டிக்கெட் வாங்கச் சொல்லி ஒரு பெண் மாதந்தோறும் அழைக்கிறார். ‘அம்மா, அம்மா’ என்று மரியாதையாகப் பேசுவதால் மறுக்க மனம் வரவில்லை. டிக்கெட் 50 ரிங்கிட். மோட்டார் சைக்கிளில் ஆள் வந்து பணத்தை வாங்கிக்கொள்வாராம். உண்மையா, பொய்யா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (பிரிக்பீல்ட்ஸ்)

ப: அவரிடம் நான்கு விஷயங்கள் கேளுங்கள். இல்லத்தின் பதிவுப் பெயர், பதிவு எண், முகவரி ஆகியவை முதல் மூன்று. நான்காவது, “நீங்கள் இல்லத்து ஊழியரா, வசூல் செய்து கொடுக்கும் நிறுவனத்தின் ஆளா?” என்பது. எழுதிக்கொண்டு, “நானே இல்லத்துக்கு அழைத்துப் பேசுகிறேன்” என்று சொல்லிப் போனை வைத்துவிடுங்கள். உண்மையான இல்லம் என்றால் இதில் அதற்கு எந்த நட்டமும் இல்லை. “இன்றைக்கே கடைசி நாள், ஆள் உங்கள் வீட்டுப் பக்கம்தான் இருக்கிறார்” என்று அவசரப்படுத்தினால் அத்தோடு விட்டுவிடலாம்.

சங்கமாகப் பதிந்திருந்தால் அது சங்கப் பதிவு இலாகாவில், அதாவது ஆர்.ஓ.எஸ்.-இல் இருக்கும். உத்தரவாத வரம்பு நிறுவனமாக (பங்குதாரர் இல்லாத, உறுப்பினர் உத்தரவாதத்தில் நடக்கும் நிறுவனம்) பதிந்திருந்தால் நிறுவனங்கள் ஆணையமான எஸ்.எஸ்.எம்.-இல் இருக்கும். இரண்டிலும் இல்லாத பெயருக்குப் பணம் கொடுக்க வேண்டாம். வரிவிலக்கு உண்டு என்று சொன்னால், வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்புகளின் பட்டியலை வருமான வரி வாரியத்தின் இணையத்தளத்தில் பாருங்கள். பெயர் எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று கவனியுங்கள். பிரபலமான ஓர் இல்லத்தின் பெயரோடு ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டு வசூலிப்பது பழைய தந்திரம். ஆனால் 44(6) இல்லாத இல்லமெல்லாம் மோசடி என்று நினைக்க வேண்டாம். உண்மையாக நடக்கும் சின்ன இல்லங்கள் பலவற்றுக்கு அது கிடையாது; உங்களுக்கு வரிக்கழிவு கிடைக்காது, அவ்வளவுதான்.

வசூல் நிறுவனம் என்று பதில் வந்தால், “என் 50 ரிங்கிட்டில் இல்லத்துக்கு எவ்வளவு போகும்?” என்று நேராகவே கேளுங்கள். கமிஷனுக்கு ஆள் வைத்து வசூலிப்பதும், ‘விருந்துச் செலவு’ என்று பெரும்பகுதியைக் கழிப்பதும் நடக்கிற காரியங்கள். வீட்டு வாசலில் வசூலிக்க 1947-ஆம் ஆண்டின் வீட்டு, தெரு வசூல் சட்டப்படி உரிமம் தேவை. மோட்டார் சைக்கிளில் வருகிறவரிடம் அதைக் காட்டச் சொல்லலாம்.

கொடுப்பது என்று முடிவு செய்தால் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். டூயிட்நவ் என்ற உடனடிப் பணப் பரிமாற்ற வசதியில் அனுப்பும்போது உறுதி செய்வதற்கு முந்தைய திரையில் பெறுபவரின் பெயர் தெரியும். அங்கே இல்லத்தின் பெயர் வராமல் யாரோ ஒரு தனிநபர் பெயர் வந்தால், விரலை எடுத்துவிடுங்கள். இதைவிட நல்ல வழியும் இருக்கிறது. இல்லத்துக்கு நீங்களே அழைத்து என்ன தேவை என்று கேட்டு, அரிசியோ பெரியவர்களுக்கான டயப்பரோ வாங்கிக்கொண்டு நேரில் போய்க் கொடுங்கள்.

கே: ஒரு தடவைதான் கொடுத்தேன். இப்போது ஐந்தாறு இடத்திலிருந்து அழைக்கிறார்கள். எப்படி நிறுத்துவது? (பிறை)

ப: கொடுத்தவர் பட்டியல் கைமாறியிருக்கிறது. ‘வேண்டாம்’ என்று வாயால் சொன்னால் அடுத்த மாதம் வேறு ஆள் அழைப்பார். எழுத்தில் கொடுங்கள். 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 43-ஆம் பிரிவில், உங்கள் விவரங்களை நேரடி விற்பனைக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று எழுத்து மூலம் கோரும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. கேட்காமல் தொடர்ந்தால் தரவுப் பாதுகாப்பு ஆணையரிடம் முறையிடலாம். நிறுத்தும்படி ஆணையர் இட்ட உத்தரவையும் மீறினால் 200,000 ரிங்கிட் வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

கடிதத்தில் உங்கள் பெயர், அழைப்பு வரும் எண், அழைத்த தேதிகள், ‘43-ஆம் பிரிவின் கீழ், 14 நாளுக்குள் நிறுத்தவும்’ என்ற வரி, ‘என் எண்ணை எங்கிருந்து பெற்றீர்கள்’ என்ற கேள்வி ஆகியவை இருந்தால் போதும். மின்னஞ்சலில் அனுப்பி நகலை வைத்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. அந்தச் சட்டம் வணிகப் பரிவர்த்தனைகளுக்கானது. டிக்கெட் விற்கும் நிறுவனத்தை அது பிடிக்கும். வெறும் நன்கொடை கேட்கும் சங்கம் ‘எங்களுக்குப் பொருந்தாது’ என்று வாதாடலாம். இருந்தாலும் அனுப்புங்கள். நல்ல பெயரைக் காப்பாற்ற நினைக்கும் சங்கம் அந்தக் கடிதத்துக்கே நிறுத்திவிடும். பினாங்கில் இருப்பதால், கடிதம் எழுத உதவி தேவையென்றால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம்.

கே: என் அம்மாவுக்கு 68 வயது. ‘உங்கள் ஐ.சி. எண்ணில் ஒரு பார்சல் பிடிபட்டிருக்கிறது, ஒன்றை அழுத்தவும்’ என்று பதிவுக் குரல். அழுத்தியதும் கூச்சிங் போலீஸ் சார்ஜன்ட் என்று ஒருவர் பேசி, வீடியோவில் சீருடையோடு வந்தாராம். பணம் போகவில்லை. ஆனால் அம்மா இன்னும் பயத்தில் இருக்கிறார். (செந்தூல்)

ப: இது மக்காவ் மோசடி. கூச்சிங், கோத்தா கினபாலு என்று ஊர் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. செந்தூல் போலீஸ் என்றால் அம்மா நேரில் போய்க் கேட்டுவிடுவார். கடல் தாண்டிப் போக முடியாது அல்லவா? முதலில் பேசுபவர் கூரியர்க்காரர், அடுத்தவர் சார்ஜன்ட், அதற்கும் மேலே ‘இன்ஸ்பெக்டர்’ என்று ஆள் மாறிக்கொண்டே போவதும் திட்டமிட்டதுதான். மூன்று பேர் ஒரே கதையைச் சொன்னால் நம்பிக்கை வந்துவிடுகிறது.

அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். போலீஸ் வாக்குமூலம் வாங்க வேண்டுமென்றால் நிலையத்துக்கு வரச்சொல்லி, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112-ஆம் பிரிவின்படி எழுத்தில் வாங்கும். வாட்ஸ்அப்பில் கைது ஆணை வராது. ‘பணத்தைப் பரிசோதனைக்காக பேங்க் நெகாரா கணக்கில் போடுங்கள்’ என்பது முழுப்பொய். பேங்க் நெகாரா மத்திய வங்கி. பொதுமக்களுக்குக் கணக்கு வைத்துத் தருவதில்லை. ‘யாரிடமும் சொல்லக் கூடாது, 1972-ஆம் ஆண்டின் அதிகாரத்துவ ரகசியச் சட்டத்தில் குற்றம்’ என்பார்கள். மகனிடம் பேசினால் ஐந்தே நிமிடத்தில் குட்டு உடைந்துவிடும் என்பதால்தான் அந்த மிரட்டல்.

படித்தவர்களும் விழும் இடம் ஒன்று உண்டு. ‘எங்களுக்கு ஒன்றும் அனுப்ப வேண்டாம், உங்கள் பெயரிலேயே புதுக் கணக்கு திறந்து சேமநிதிப் பணத்தை அதில் போடுங்கள்’ என்பார்கள். தன் பெயரில்தானே இருக்கிறது என்று மனம் சமாதானமாகிவிடும். அதற்குள் இணைய வங்கிக்கான கைப்பேசி எண்ணாக அவர்கள் தரும் எண்ணைப் பதியச் சொல்லியிருப்பார்கள், அல்லது அட்டையையும் ரகசிய எண்ணையும் வாங்கியிருப்பார்கள். கணக்கு அம்மாவுடையது, சாவி அவர்களிடம்.

பயம் தெளிய, அம்மாவை நீங்களே பக்கத்து போலீஸ் நிலையத்துக்கு அழைத்துப் போய் நடந்ததைச் சொல்லி ரிப்போர்ட் செய்யுங்கள். அங்கே உட்கார்ந்து பேசிவிட்டு வந்தாலே பாதி பயம் போய்விடும். அதோடு, அவருடைய இணையப் பரிமாற்ற வரம்பை ஒரு நாளைக்கு 500 ரிங்கிட் என்று குறைத்து, பெரிய சேமிப்பை இணைய வங்கியில் தெரியாத தனிக் கணக்கில் வைக்கச் சொல்லுங்கள்.

கே: திரையில் வந்த எண்ணைத் தேடிப் பார்த்தேன், உண்மையான போலீஸ் நிலைய எண்தான்! (ஜார்ஜ்டவுன்)

ப: எண்ணைப் போலியாகக் காட்ட முடியும். இணையவழி அழைப்பில், திரையில் எந்த எண் தெரிய வேண்டும் என்பதை அழைப்பவரே எழுதிக்கொள்ள வழி இருக்கிறது. ஆகவே வந்த எண்ணை வைத்து யார் என்று முடிவு செய்யாதீர்கள். நிலையத்தின் எண்ணைத் தேடி எடுத்து, நீங்களே ஒவ்வோர் இலக்கமாக அழுத்தி அழைத்தால் உண்மையான நிலையம் எடுக்கும். ‘திரும்ப அழை’ பொத்தானைத் தொட வேண்டாம். திரையில் வந்த எண்ணில் ஓர் இலக்கம் கூடுதலாகவோ முன்னால் வேறு நாட்டுக் குறியீடோ இருக்கலாம்.

கே: ‘அண்ணே, என்னைத் தெரியலையா?’ என்று ஒருவர். குரலைக் கேட்டு ‘குமாரா?’ என்றேன். ‘ஆமாண்ணே’ என்றார். இரண்டு நாள் கழித்து 1,500 ரிங்கிட் கடன் கேட்கிறார். (கெப்போங்)

ப: பெயரை எடுத்துக் கொடுத்ததே நீங்கள்தான். அடுத்த முறை “யார் என்று நீங்களே சொல்லுங்கள்” என்று சொல்லிவிட்டு மௌனமாக இருங்கள். குமாரின் பழைய எண்ணுக்கு இப்போதே அழைத்துக் கேளுங்கள்.

கே: பரிமாற்றத்தை உறுதி செய்ய வங்கி அனுப்பும் டி.ஏ.சி. எண்ணைத் தெரியாமல் சொல்லிவிட்டேன். 4,800 ரிங்கிட் போய்விட்டது. இப்படி நடந்தால் என்ன வரிசையில் செய்வது? (பட்டர்வொர்த்)

ப: முதல் அழைப்பு வங்கிக்கு. அட்டையின் பின்பக்கம் இருக்கும் 24 மணி நேர எண். கிடைக்கவில்லையென்றால் தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997. போலீஸ் நிலையத்துக்கு முதலில் ஓடாதீர்கள். வரிசையில் காத்திருக்கும் நேரத்தில் பணம் முதல் கணக்கிலிருந்து இரண்டாவது, மூன்றாவது என்று தாண்டி, ஏ.டி.எம்.-இல் ரொக்கமாகிவிடும். எந்தக் கணக்கில் இன்னும் நிற்கிறதோ அதை மட்டுமே வங்கியால் தடுத்து வைக்க முடியும்.

அழைக்கும்போது உங்கள் கணக்கு எண், பணம் போன கணக்கு எண், அந்த வங்கி, தொகை, நேரம், பரிவர்த்தனைக் குறிப்பு எண் ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே வீட்டில் வேறொருவர் உங்கள் வங்கிச் செயலியில் ‘கில் சுவிட்ச்’ போடட்டும். அது உங்கள் கணக்கை நீங்களே முடக்கும் பொத்தான். மிச்சப் பணம் தப்பும்.

ஏ.பி.கே. கோப்பு, அதாவது ஆண்ட்ராய்டில் செயலியை நிறுவும் கோப்பு, எதையாவது இறக்கியிருந்தால் (வீடு துப்புரவு செயலி, திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் வருவது) அந்தக் கைப்பேசியிலிருந்து வங்கிக்குள் நுழையவே கூடாது. அந்தச் செயலி உங்களுக்கு வரும் குறுஞ்செய்தியை அங்கிருந்தே படித்துக்கொண்டிருக்கும். கைப்பேசியை விமான நிலையில் போட்டு, வைஃபையையும் அணைத்துவிட்டு, வேறு கைப்பேசியில் இருந்து அழையுங்கள், கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

வாட்ஸ்அப் உரையாடலை ஆத்திரத்தில் அழித்துவிடாதீர்கள். அழைப்புப் பட்டியல், ரசீது எல்லாவற்றையும் படம் பிடித்து, அதன் பிறகு எந்தப் போலீஸ் நிலையத்திலும் ரிப்போர்ட் கொடுக்கலாம். நகல் வங்கிக்கு வேண்டும். வங்கி ‘உங்கள் தவறு’ என்று கைவிரித்தால் அதை எழுத்தில் வாங்குங்கள். அந்த இறுதி முடிவிலிருந்து 6 மாதத்துக்குள், 2025-இல் செயல்படத் தொடங்கிய எஃப்.எம்.ஓ.எஸ். என்ற நிதிச் சந்தை நடுவரிடம் இலவசமாக முறையிடலாம். ஐ.சி. நகலையும் கொடுத்திருந்தால், பேங்க் நெகாராவின் இ-சிக்ரிஸ் அறிக்கையை எடுத்து, உங்கள் பெயரில் நீங்கள் வாங்காத கடன் இருக்கிறதா என்று சில மாதம் பாருங்கள்.

கே: ஒவ்வொரு எண்ணாகத் தடுத்துத் தடுத்து அலுத்துவிட்டது. (ஷா ஆலம் சாலை, கிள்ளான்)

ப: அவர்கள் நாளுக்கொரு எண் மாற்றுவதால் தடுப்பது வீண் வேலைதான். ஆண்ட்ராய்டில் போன் செயலியின் அமைப்பில் ‘காலர் ஐடி, ஸ்பேம்’ பகுதியை இயக்குங்கள். வாட்ஸ்அப்பில் அமைப்புகள், பிரைவசி, கால்ஸ் என்று போய் ‘சைலன்ஸ் அன்னோன் காலர்ஸ்’ போடுங்கள். ஐபோனிலும் தெரியாத எண்களை ஒலிக்கவிடாத வசதி உண்டு. ஆனால் அதைப் போட்டால் பிள்ளையின் பள்ளி, மருத்துவமனை, கூரியர் எல்லாமே சத்தமின்றிப் போய்விடும். அந்த எண்களை முன்கூட்டியே சேமித்து வையுங்கள். பணம் போகாமல் தொல்லை மட்டும் என்றால் 997-ஐ நிரப்ப வேண்டாம். தொடர்பு, பல்லூடக ஆணையமான எம்.சி.எம்.சி.-யின் 1800-188-030-இல் எண், தேதி, நேரத்தோடு புகார் செய்யுங்கள். போலீசின் செமாக் மியூல் தளத்தில் கைப்பேசி எண்ணையோ வங்கிக் கணக்கு எண்ணையோ போட்டுப் பார்க்கலாம். அங்கே ஒன்றும் வராவிட்டால் நல்லவர் என்று அர்த்தமல்ல, இன்னும் யாரும் ரிப்போர்ட் செய்யவில்லை என்றுதான் அர்த்தம்.

கே: வெளிநாட்டு எண். ஒரே ஒரு மணியோடு நின்றுவிடுகிறது. (பாயான் லெப்பாஸ்)

ப: திருப்பி அழைக்காதீர்கள். நிமிடத்துக்கு அதிகக் கட்டணம் ஏறும் எண்ணாக இருக்கலாம்.

கே: வங்கி அட்டையையும் ரகசிய எண்ணையும் ஒரு மாதம் கொடுத்தால் 500 ரிங்கிட் தருவதாக என் மகனிடம் நண்பன் சொல்கிறானாம். (புக்கிட் மெர்தாஜாம்)

ப: மேலே சொன்ன 4,800 ரிங்கிட் போய்ச் சேர்வது இப்படிப்பட்ட கணக்கில்தான். ‘கெல்டாய்’ கணக்கு என்று மலாயில் பெயர் வைத்தது சும்மாவா? யாருடைய மூட்டையையோ சுமப்பது கழுதை, அடிபடுவதும் அதுதான். ரிப்போர்ட்டில் வருவது மகனின் பெயர். கணக்கு முடக்கப்படும், சம்பளமும் அதிலேயே மாட்டிக்கொள்ளும். கணக்கைப் பிறருக்குக் கொடுப்பதைத் தனிக் குற்றமாக்கும் 424ஏ முதலான பிரிவுகள் 2024-இல் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டுவிட்டன. ஏற்கெனவே கொடுத்துவிட்டான் என்றால் இன்றே வங்கியில் அட்டையை ரத்து செய்து, போலீசில் ரிப்போர்ட் கொடுக்கச் சொல்லுங்கள். பணம் வந்து போன பிறகு கொடுக்கும் ரிப்போர்ட்டுக்கு மதிப்பு குறைவு.

கே: போன வருடம் ஏமாந்தேன். இப்போது ஒரு ‘வழக்கறிஞர்’ அழைத்து, பணம் மீட்கப்பட்டுவிட்டது, 8 விழுக்காடு கட்டணம் முதலில் கட்டுங்கள் என்கிறார். தொகைகூடச் சரியாகச் சொல்கிறார். (ஈப்போ சாலை, கோலாலம்பூர்)

ப: தொகை அவருக்குச் சரியாகத் தெரிவதில் வியப்பில்லை, ஏமாந்தவர்கள் பட்டியலும் விற்கப்படுகிறது. கட்டாதீர்கள். உங்கள் பழைய ரிப்போர்ட்டின் எண்ணை எடுத்துக்கொண்டு, அதை விசாரிக்கும் அதிகாரியை நிலையத்தின் எண்ணில் நீங்களே அழைத்து, பணம் மீட்கப்பட்டதா என்று கேளுங்கள். இந்த ‘வழக்கறிஞரின்’ எண்ணையும் அவரிடமே கொடுத்துவிடுங்கள்.