கேள்வி–பதில்: கௌபாய் தொப்பி போட்ட மின் வாரியத் தலைவர்

கேள்வி: டேவிட் ஃப்ரீமன் என்பவரைப் ‘பச்சை கௌபாய்’ என்கிறார்களே, அவர் அரசியல்வாதியா, விஞ்ஞானியா?

பதில்: இரண்டும் இல்லை, மின் வாரியங்களை நடத்திய அரசு ஊழியர். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1926-ல் குடை ரிப்பேர் செய்பவரின் மகனாகப் பிறந்தார். முதலில் சிவில் இன்ஜினீயரிங், பிறகு சட்டம் படித்தார். அதிபர் கார்ட்டர் காலத்தில் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் என்ற மத்திய அரசு மின் நிறுவனத்தின் தலைவர். அதன்பின் டெக்சாஸ், கலிபோர்னியாவின் தலைநகர் சாக்ரமெண்டோ, நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் என்று ஊர் ஊராகப் பொதுத்துறை மின் நிறுவனங்களுக்குத் தலைமை தாங்கினார். எங்கே போனாலும் தலையில் கௌபாய் தொப்பி. ‘கௌபாய்’ அதனால் வந்தது; ‘பச்சை’ என்றால் சுற்றுச்சூழல் ஆதரவாளர். 2020 மே மாதம் 94 வயதில் காலமானார்.

கேள்வி: அணுமின் நிலையத்தை மூடிவிட்டு, பழைய ஃப்ரிட்ஜ்களை வாங்கியும் மரம் நட்டும் ஈடுகட்டினாராம். நம்பும்படி இல்லையே?

பதில்: அப்படியே நம்ப வேண்டாம். சாக்ரமெண்டோவின் 913 மெகாவாட் ராஞ்சோ சேக்கோ நிலையத்தை மூடியது 1989 ஜூனில் வாக்களித்த மக்கள். ஃப்ரீமன் 1990-ல்தான் வந்தார். பற்றாக்குறைக்கு வெளியிலிருந்தும் மின்சாரம் வாங்க வேண்டியிருந்தது. ஆனால் மிச்சமாகும் யூனிட்டையும் உற்பத்தியாகும் யூனிட்டைப் போலவே மதித்து, அதற்குப் பணம் ஒதுக்கினார். அதுதான் புதுசு.

ஃப்ரிட்ஜ் கணக்கைப் பாருங்கள். 1970-களின் நடுவில் விற்ற அமெரிக்க ஃப்ரிட்ஜ் ஆண்டுக்குச் சுமார் 1,800 யூனிட் இழுத்தது. 1993 தர விதிப்படி வந்தவை சுமார் 700. மாற்றினால் வீட்டுக்கு ஆயிரம் யூனிட்டுக்கு மேல் மிச்சம். கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. புது ஃப்ரிட்ஜுக்கு மானியம் மட்டும் கொடுத்தால், பழையது கார் ஷெட்டுக்குப் போய் அங்கே குளிர்பானம் குளிரவைக்கும். பில் குறையாது, ஏறும். அதனால் பழையதை வீட்டுக்கே வந்து எடுத்துப்போய் உடைக்க வேண்டும். உடைக்கும் முன் கம்ப்ரஸரிலுள்ள குளிரூட்டும் வாயுவை உறிஞ்சி எடுக்காவிட்டால் அது ஓசோன் படலத்தைத் தின்னும்.

கேள்வி: மரத்தை வீட்டுக்கு எந்தப் பக்கம் நட்டார்கள்?

பதில்: வீட்டுக்கு நிழல் தந்து ஏ.சி. ஓடுவதைக் குறைக்கத்தான் மரம்; அதனால் முதலிடம் மேற்கு. கோடையில் தெற்கிலிருந்து வரும் உச்சி வெயிலைக் கூரையின் நீட்டலே தடுத்துவிடும். மாலை வெயில் தாழ்ந்து, சாய்வாகச் சுவரிலும் ஜன்னலிலும் அடிக்கும். எல்லா வீட்டு ஏ.சி.யும் ஓடும் நேரமும் அதுவே. இலையுதிர்க்கும் மரம் என்றால் குளிர்காலத்தில் வெயிலை உள்ளே விடும். கன்றுகளை இலவசமாகக் கொடுத்தார்கள். அங்கே கோடையில் மழையே இல்லை. முதல் இரண்டு மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்றாவிட்டால் போச்சு. வாங்கிப்போன கன்றில் ஒரு பகுதி நடப்படவே இல்லை என்பது பின்னால் எண்ணிப் பார்த்தபோது தெரிந்தது. குழி ஆழமாகி அடித்தண்டு மண்ணுக்குள் போனால் அழுகும். சுவரை ஒட்டி நட்டால் பிறகு வெட்டத்தான் வேண்டும்.

கேள்வி: சோலார் கூரைத் திட்டம் எப்படி நடந்தது?

பதில்: 1993-ல் தொடங்கியது. சோலார் தகடு சாக்ரமெண்டோ மின் வாரியத்துடையது, கூரை வீட்டுக்காரருடையது, மின்சாரம் வாரியத்தின் கம்பிக்கு. வீட்டுக்காரர் பணம் வாங்கவில்லை; மாதம் 4 டாலர் கூடுதலாகக் கொடுத்தார்! அப்படியும் ஆள் கிடைத்தார்கள். வீட்டுக்குச் சுமார் 4 கிலோவாட். அன்றைய தகடுகளுக்கு ஏறக்குறைய 400 சதுர அடி நிழலில்லாத கூரை தேவை. ஒழுகக்கூடிய பழைய கூரையில் மாட்டினால், இரண்டு வருஷத்தில் கழற்றி மாட்டும் செலவு லாபத்தைத் தின்றுவிடும். தகடுகள் தொடராக இணைந்திருப்பதால் ஒரு மூலையில் விழும் நிழல் வரிசையின் உற்பத்தியையே இழுத்துப்போடும்.

இங்கே மரமும் தகடும் மோதுகின்றன, பார்த்தீர்களா? கலிபோர்னியாவில் 1978-லேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. தகடு வைத்த பிறகு பக்கத்து வீட்டில் நட்ட மரத்தின் நிழல், காலை 10 முதல் மதியம் 2 வரை தகட்டுப் பரப்பில் 10 சதவீதத்துக்கு மேல் விழக் கூடாது.