கணவருக்காக எடை கூட்டுகிறேன், கடையில் கொடுத்த மாத்திரையைத் தொடரலாமா?

ஈரோட்டிலிருந்து 28 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். உயரம் 160 செ.மீ., எடை 52 கிலோ இருந்தது. மனைவி குண்டாக வேண்டும் என்பது கணவருக்கு ஆசை, 80 கிலோ வரைக்கும் கேட்கிறார். "எனக்கும் பிடித்துத்தான் சாப்பிடுகிறேன், கட்டாயம் இல்லை. ராத்திரி ஒரு தோசை கூடச் சாப்பிட்டும் எடை ஏறவில்லை என்று தெரிந்த மெடிக்கலில் கேட்டோம். வெள்ளைக் கவரில் இரண்டு வகை மாத்திரை தந்தார்கள். ஆறு வாரத்தில் 5 கிலோ கூடிவிட்டது, முகம் உருண்டுவிட்டது. தொடரலாமா? இவருக்கு மனநோய் ஏதாவது இருக்குமா?"

தொடரக் கூடாதும்மா. ஆனால் இன்றைக்கே சட்டென்று நிறுத்தவும் கூடாது.

ஒரு கிலோ கொழுப்பு ஏற ஏறத்தாழ 7,700 கலோரி வேண்டும். ஆறு வாரத்தில் 5 கிலோ என்றால் தினமும் 900 கலோரி கூடுதலாக உள்ளே போயிருக்க வேண்டும். ஒரு தோசையில் அது வராது. அப்படியானால் ஏறியதில் ஒரு பங்கு நீராகவும் இருக்கலாம். கவரில் பேர் இல்லாமல் வரும் இந்த ஜோடி பெரும்பாலும் சைப்ரோஹெப்டடின், டெக்ஸாமெதசோன். முதலாவது அலர்ஜி மாத்திரை, பசியைத் தூண்டும், கூடவே தூக்கம் சொக்கும், அதைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டி ஓட்டாதீர்கள். இரண்டாவது ஸ்டீராய்டு. முகமும் வயிறும் உப்பும், கை கால் சூம்பும், தொடையில் ஊதா வரிகள் விழும், சர்க்கரையும் பிரஷரும் ஏறும். உங்கள் கணவர் ஆசைப்பட்டது இந்த வீக்கத்துக்கா என்று அவரையே கேளுங்கள்.

ஏன் சட்டென்று நிறுத்தக் கூடாது? மூன்று வாரத்துக்கு மேல் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்தால் சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, நமக்கு இனி வேலையில்லை என்று தூங்கிவிடும். திடீரென்று நிறுத்தினால் அது உடனே எழுந்திருக்காது. வாந்தி, மயக்கம், பிரஷர் இறக்கம், உயிருக்கே ஆபத்து வரலாம். அதனால் பொது மருத்துவர் ஒருவரைப் பார்த்து, அவர் சொல்லும் கணக்கில் படிப்படியாகக் குறையுங்கள். வெறும் வயிற்றுச் சர்க்கரை, பிரஷர், காலை எட்டு மணிவாக்கில் கார்டிசால் (அட்ரினல் சுரக்கும் ஹார்மோன்), இவ்வளவும் பார்த்துவிடுங்கள். ஆஸ்துமாவுக்கோ மூட்டு வாதத்துக்கோ டாக்டர் எழுதிக்கொடுத்து ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துப் பயந்து நிறுத்திவிடாதீர்கள். திரும்பச் சொல்கிறேன், நிறுத்தாதீர்கள். அது வேறு, இது வேறு. இப்படி ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு மாத்திரையைத் தூக்கிப் போட்டு, இரண்டு நாளில் மூச்சு இழுக்க வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்டீராய்டை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அட்டையிலேயே அச்சடித்திருக்கும். அதைக் கிழித்துவிட்டுத்தானே கவரில் போடுகிறார்கள்! சோதனைக்கு யாராவது வருகிறார்களா என்று கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது. இதே பசி மருந்தைக் கலந்து இங்கே தயாராகும் ஒரு சிரப் கள்ளத்தனமாக அமெரிக்கா வரைக்கும் போய், அங்கே உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ வாங்காதீர்கள் என்று எச்சரித்திருக்கிறது. 'இயற்கை' லேகியம், லேபிளில் ஒன்றுமே எழுதாத ஜிம் பவுடர் எல்லாம் அதே ரகம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, கணவர் விஷயம். துணையைக் குண்டாக்குவதிலோ தானே குண்டாவதிலோ இன்பம் காண்கிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். ஃபீடிசம் என்பார்கள், ஊட்டுகிறவர் ஃபீடர், சாப்பிடுகிறவர் ஃபீடீ. ஆசை வேறு மாதிரி இருப்பதாலேயே அது நோயாகிவிடாது. தனக்கு வேதனையோ, பிறருக்குத் தீங்கோ, சம்மதம் இல்லாமையோ வந்தால்தான் நோய் என்று 2013-ல் வந்த அமெரிக்க மனநலக் கையேடு டிஎஸ்எம்-5 சொல்கிறது. நான் பார்ப்பது வேறொன்று. 60 கிலோவில் நீங்கள் "போதுங்க" என்றால் அவர் முகம் எப்படி மாறும்? கொஞ்சம் ஏமாந்துவிட்டுச் சிரித்தால் பரவாயில்லை. நாலு நாள் பேசாமல் இருந்தாலோ, தட்டில் கேட்காமலே வைத்தாலோ, அது உங்களுக்குப் பிடித்த சாப்பாடு இல்லை.

அந்த 80-ஐயும் பேசிவிடலாம். உங்கள் உயரத்துக்கு 59 கிலோவைத் தாண்டினாலே நம் ஊர்க் கணக்கில் அதிக எடை, 64-ல் உடல் பருமன். 80 என்றால் பிஎம்ஐ, அதாவது உயரத்தோடு சேர்த்துப் பார்க்கும் எடைக் கணக்கு, 31. நம் உடம்புக்குச் சர்க்கரை சீக்கிரம் வரும், குழந்தை பெறும் யோசனை இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரைக்கும் வழி விட்டாயிற்று. 58 வரைக்கும் பருப்பு, முட்டை, நிலக்கடலை, கூடவே பளு தூக்கும் பயிற்சி என்று மாதம் ஒன்றிரண்டு கிலோவாக ஏறுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. அதற்கு மேல் வேண்டுமா என்பது உங்கள் முடிவு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்க்கரை, கொழுப்பு பார்த்துக்கொண்டு எடுங்கள்.

டாக்டரிடம் போகும்போது கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த வெள்ளைக் கவரையும்.