கர்த்தருக்குப் பயப்படுதலும் மனநிறைவும்: நீதிமொழிகள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஐயா, நீதிமொழிகள் 19:23 கர்த்தருக்குப் பயப்படுகிறவன் திருப்தியடைவான் என்கிறது. பயந்தவனுக்குத் திருப்தி எப்படி வரும்?

பதில்: எபிரெய மூலத்தில் உள்ள சொல் ‘யிரா’. திகிலும் அதில் அடங்கும் என்றாலும், இங்கே பொருள் பயபக்தி. அடுத்து வரும் ‘சாவேயா யாலீன்’ இன்னும் அழகு. சாவேயா என்றால் வயிறு நிறைந்தவன். யாலீன் என்றால் இராத்தங்குவான். ‘நீர் தங்கும் இடத்திலே நானும் தங்குவேன்’ என்று ரூத் தன் மாமியார் நகோமியிடம் சொன்னதும் இதே வினைச்சொல்தான். உண்டு முடித்துக் கலக்கமில்லாமல் படுக்கிறவனின் இரவு அது. தமிழில் ‘நிலைத்திருப்பான்’ என்று வாசிக்கும்போது அந்த இரவு கண்ணில் படுவதில்லை.

கேள்வி: சஞ்சலத்தோடு கூடிய அதிகப் பொருளைவிட கர்த்தருக்குப் பயப்படும் பயத்தோடு கூடிய கொஞ்சமே நல்லது என்கிறது 15:16. அது வறுமையைப் புகழ்கிறதா?

பதில்: இல்லை. வறுமை ஏழையைக் கலங்கடிக்கும் என்று 10:15 நேராகவே சொல்கிறது. 15:16 தள்ளுவது சஞ்சலத்தோடு சேர்ந்த செல்வத்தை. அந்தச் சஞ்சலம் ‘மெஹூமா’. உடன்படிக்கைப் பெட்டி போன பெலிஸ்த பட்டணங்களைப் பிடித்த பீதிக்கும் (1 சாமுவேல் 5) அதே சொல்.

கேள்வி: எவ்வளவு இருந்தால் போதும், ஐயா?

பதில்: நீதிமொழிகள் 30ஆம் அதிகாரத்தின் வார்த்தைகளைச் சொன்ன ஆகூர் ஜெபத்தில் கேட்டது ‘லெஹெம் ஹுக்கி’, தனக்கென்று குறித்த அப்பம் (30:8). ‘என் படியை எனக்கு அளந்து’ என்ற தமிழாக்கம் அருமை. பலர் கவனிக்காதது அடுத்த வசனம்: நிறைந்துபோய் ‘கர்த்தர் யார்’ என்று கேட்டுவிடுவேனோ என்று அஞ்சுகிறார். அந்த ‘நிறைந்து’ சாவேயாவின் வேரிலிருந்தே வருகிறது. 27:20இல் திருப்தியாகாத மனுஷனுடைய கண்களுக்கும் அதே வேர்தான். ஆக, பயபக்தி இல்லாத நிறைவு, ஒன்று தேவனை மறுதலிப்பதில் முடியும், இல்லையென்றால் நிறையவே நிறையாது.

கேள்வி: கர்த்தருக்குப் பயப்படுகிறவனைத் ‘தீமை அணுகாது’ என்றும் 19:23 சொல்கிறதே, அப்படியென்றால் யோபு ஏன் துன்பப்பட்டார்?

பதில்: யோபு தேவனுக்குப் பயந்தவர் என்று யோபு புத்தகத்தின் முதல் வசனமே சாட்சி சொல்கிறது. நண்பர்கள் பழமொழியைத் திருப்பிப் போட்டார்கள்: துன்பம் வந்ததால் பக்தி பொய் என்றார்கள். யோபு 42:7இல் தேவன் கோபப்பட்டது அவர்கள்மேல். பொதுவாக வாழ்க்கை போகும் வழியைச் சொல்லும் பழமொழியை ஒருவரைத் தீர்ப்பிட எடுக்கக் கூடாது.

கேள்வி: பக்கத்து வீட்டுக்காரர் வசதியைப் பார்த்தால் மனம் எரிகிறது. என்ன செய்ய?

பதில்: நீதிமொழிகள் 23:17ஐ எடுங்கள்: பாவிகள்மேல் பொறாமைகொள்ளாதே, நாள் முழுதும் கர்த்தருக்குப் பயப்படும் பயத்தோடிரு என்கிறது. பாவிகளைக் குறித்துச் சொன்னாலும் உங்களுக்கும் பொருந்தும். எபிரெயத்தில் இரண்டு பாதிக்கும் ஒரே வினை: பொறாமை, வைராக்கியம் இரண்டையும் குறிக்கும் ‘கானா’. எரிகிற மனதை அணைக்கச் சொல்லவில்லை, கர்த்தர் பக்கம் திருப்பச் சொல்கிறது, அதுவும் ‘நாள் முழுதும்’. காலை ஜெபத்தோடு விட்டுவிட்டால், பிற்பகலில் பக்கத்து வீட்டு வாசலில் புது வண்டி நிற்கும்போது கையில் ஒன்றும் இருக்காது. அந்த நேரத்தில் ஆகூரின் ஜெபத்தை அவர் வைத்த வரிசையிலேயே சொல்லுங்கள்: முதலில் பொய்யை என்னைவிட்டு அகற்றும், அதன்பின் என் படியை அளந்து தாரும்.