யார்க் நகரத்துப் பழைய பப்கள்: வாசகர் கேள்வி - பதில்

வட இங்கிலாந்தின் யார்க் நகரத்து மதில் சுவரைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். பிள்ளைகள் அங்கே படிப்பதாகவும் வேலை பார்ப்பதாகவும் சொல்லி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பப்களைப் பற்றித்தான். குடிக்கிறவர்களும் கேட்டிருக்கிறார்கள், குடிக்காதவர்களும் கேட்டிருக்கிறார்கள்.

மகளின் பட்டமளிப்பு விழாவுக்குப் போகிறோம். ஒரு மாலைதான் ஓய்வு. பழைய பப் ஒன்றிரண்டாவது பார்த்துவிட வேண்டும். எங்கே போகலாம்?
*வாசகி, பாளையங்கோட்டை*

ஒன்றே ஒன்றுதான் என்றால் ஃபாஸ்கேட் தெருவில் இருக்கும் 'புளூ பெல்'. கட்டடம் 1798-இல் எழுந்தது; உள்ளே நீங்கள் பார்க்கும் மர வேலை 1903-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதற்குப் பிறகு யாரும் இடித்துப் பெரிதாக்கவில்லை. அதுதான் அதன் பெருமை. இங்கிலாந்தில் எத்தனையோ பழைய பப்கள் குறுக்குச் சுவர்களை இடித்து ஒரே கூடமாகிவிட்டன. வெளியே பழைய பலகை, உள்ளே புது ஹோட்டல். இங்கே முன்பக்கம் ஒரு சின்ன அறை, பின்பக்கம் ஒரு சின்ன அறை, இரண்டுக்கும் பக்கவாட்டில் ஒரு நடை. சுவரெல்லாம் வார்னிஷ் ஏறிக் கறுத்த பலகை. நடையில் நின்றபடியே வாங்கிக்கொள்ளச் சுவரில் ஒரு சன்னல் திறப்பு வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். நாலு பேருக்கு மேல் சேர்ந்து போனால் நிற்கக்கூட இடம் கிடைக்காது, அதனால் குடும்பமாகப் போனால் பிரிந்து போங்கள். மதியம் மூன்றிலிருந்து ஐந்துக்குள் போவது உத்தமம்.

இரண்டாவதற்கு நேரமிருந்தால் ரயில் ஏறும்போது 'யார்க் டேப்'. ரயில் நிலையத்திலேயே இருக்கிறது. 1907-இல் தேநீர் அறையாகக் கட்டப்பட்டு, 2011-இல் பப் ஆனது. வண்ணக் கண்ணாடி பதித்த கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே வண்டிக்குக் காத்திருக்கலாம்.

சனிக்கிழமை மட்டும் வேண்டாம். கல்யாணத்துக்கு முந்தைய கொண்டாட்டக் கூட்டம் இங்கிலாந்தின் நாலா பக்கமிருந்தும் யார்க்கில் வந்து இறங்கும். குதிரைப் பந்தய நாட்களும் அப்படியே.

யார்க்கில் மிகப் பழைய பப் எது? வலைத்தளத்துக்கு வலைத்தளம் ஒரு பெயர் சொல்கிறார்கள்.
*வாசகர், அம்பாசமுத்திரம்*

எதை வைத்துக் கணக்குப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. உரிமம்தான் கணக்கு என்றால் ஸ்டோன்கேட் தெருவின் 'ஓல்ட் ஸ்டார்'. 1644 என்று பலகையிலேயே போட்டிருக்கிறார்கள். பெயர் ஏட்டில் ஏறிய ஆண்டு என்றால் 'கோல்டன் ஃப்ளீஸ்' முந்திக்கொள்ளும். 1503-ஆம் ஆண்டு நகரப் பதிவில் அது வருகிறது. கட்டடத்தின் வயதுதான் என்றால் பீஸ்ஹோம் கிரீனில் உள்ள 'பிளாக் ஸ்வான்'. நகர மேயராக இருந்த போவ்ஸ் குடும்பத்தின் 15-ஆம் நூற்றாண்டு மரச்சட்ட வீடு அது. ஆனால் பப் ஆனது பிற்பாடு. மூன்றில் பார்க்கத் தகுந்த கட்டடம் இதுதான் என்பது எங்கள் கட்சி.

'ஓல்ட் ஸ்டார்' தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. தெருவின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை தலைக்கு மேலே ஒரு உத்தரம் போட்டுப் பெயர் எழுதியிருப்பார்கள். பப் அதற்கு நேர் கீழே இல்லை. பக்கத்துச் சந்துக்குள் நுழைந்து முற்றத்தைத் தாண்ட வேண்டும். உத்தரத்தைப் படம் எடுத்துவிட்டு வாசல் தெரியாமல் நடையைக் கட்டுகிறவர்கள் நிறைய.

கோல்டன் ஃப்ளீஸில் பேய் இருக்கிறதாமே?
*வாசகர், ஆழ்வார்குறிச்சி*

வியாபாரம் இருக்கிறது. தரையும் சுவரும் கோணிக்கிடப்பதால் நிதானமாக இருக்கிறவருக்கே கொஞ்சம் தள்ளாட்டம் வரும். பேயை விட்டுவிட்டுப் பெயரைப் பாருங்கள்: ஃப்ளீஸ் என்பது ஆட்டுக் கம்பளி. கம்பளி, துணி வியாபாரத்தில் கொழித்த நகரம் இது. அந்த வணிகர்கள் 1357-இல் கட்டத் தொடங்கிய சங்க மண்டபம் அருகிலேயே இருக்கிறது. அதையும் சேர்த்துப் பாருங்கள்.

பப்பில் போய் உட்கார்ந்து இருபது நிமிஷம் ஆகியும் ஒருத்தரும் வந்து என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. நிறத்தைப் பார்த்து ஒதுக்கினார்களோ என்று மனசு சங்கடப்பட்டுவிட்டது.
*வாசகர், வள்ளியூர்*

சங்கடப்பட வேண்டாம் அண்ணாச்சி. யாராக இருந்தாலும் இரண்டு மணி நேரமானாலும் வரமாட்டார்கள். பப்பில் மேசைக்கு ஆள் வருவது வழக்கமில்லை. நாம்தான் எழுந்து கவுண்டருக்குப் போக வேண்டும். முதலில் மேசை பிடித்து, எண் இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பாடு சொல்லும்போது அந்த எண்ணைக் கேட்பார்கள். கவுண்டரில் வரிசை தெரியாது; பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். ஆனால் யார் முதலில் வந்தார் என்பது ஊற்றுகிறவருக்கும் தெரியும், நிற்கிறவர்களுக்கும் தெரியும். ஊற்றுகிறவர் முதலில் உங்களிடம் கேட்டுவிட்டால், உங்களுக்கு முன்னால் வந்தவரைக் கைகாட்டுங்கள். விரல் சொடுக்குவதும் நோட்டை ஆட்டுவதும் கூடவே கூடாது.

மொத்தத்தையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். ஸ்டவுட் என்கிற கருப்பு பீர் யாருக்காவது வேண்டுமென்றால் அதை முதலில் சொல்ல வேண்டும். பாதி ஊற்றி, நுரை அடங்க விட்டு, மீதியை ஊற்ற இரண்டு நிமிஷம் பிடிக்கும். கடைசியில் சொன்னால் பின்னால் நிற்பவர் முறைப்பார். பணம் அப்போதே கட்டிவிட வேண்டும். டிப்ஸ் வேண்டாம். கூட்டமாகப் போனால் ஆளுக்கு ஒரு முறை எல்லாருக்கும் சேர்த்து வாங்குவது அங்கே மரபு. மற்றவர்கள் வாங்கித் தந்ததைக் குடித்துவிட்டுத் தன் முறை வரும்போது நழுவுகிறவரை லேசில் மறக்கமாட்டார்கள்.

வாங்கிய பீர் குளிர்ச்சியாகவே இல்லை. பழைய சரக்கைத் தள்ளிவிட்டார்களா?
*வாசகர், தென்காசி*

நீங்கள் வாங்கியது பீப்பாய் ஏல் என்கிற பீர் வகை. கைப்பிடியை இழுத்து ஊற்றினார்களா? அப்படியென்றால் அதுதான். பீப்பாய்க்குள் ஈஸ்ட் உயிரோடு இருக்கும். பப்பின் நிலவறைக்கு வந்த பிறகும் நொதித்துக்கொண்டிருக்கும். அதனால் 11 முதல் 13 டிகிரியில் வைத்திருப்பார்கள். அதற்குக் கீழே போனால் மணமும் ருசியும் அமுங்கிவிடும், மேலே போனால் சப்பென்று ஆகிவிடும். ஐஸ் போலக் குளிர்ந்தது வேண்டுமென்றால் லாகர் என்கிற வகை பீரைக் கேளுங்கள்.

பழசா புதுசா என்பதை வேறு விதத்தில் கண்டுபிடிக்க வேண்டும். பீப்பாயைத் திறந்தால் உள்ளே காற்று போகும். மூன்று நாளைக்குள் தீர்த்துவிட வேண்டும். விற்பனை மந்தமான பப்பில் அது இழுத்துக்கொண்டே போய்ப் புளிக்கும். காடி வாடை அடித்தால் பீப்பாய் பழசு. கலங்கலாக வந்தால் பெரும்பாலும் அடிவண்டல். சில பீர்களை வேண்டுமென்றே கலங்கலாகச் செய்வதும் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள். கெட்டிருந்தால் ஒரு வாய் குடித்ததுமே திருப்பிக் கொண்டுபோய்ப் பணிவாகச் சொல்லுங்கள். நல்ல பப்பில் மாற்றித் தருவார்கள். முக்கால் கிளாஸ் காலியான பிறகு சொன்னால் எடுபடாது. ஆக, ஆறு கைப்பிடி வைத்துக்கொண்டு ஆள் இல்லாத பப்பை விட, இரண்டே கைப்பிடியும் நல்ல கூட்டமும் உள்ள பப் மேல்.

யார்க் இருக்கும் யார்க்ஷயர் வட்டாரத்தில் குழாய் முனையில் சின்னத் துளைகள் போட்ட மூடி ஒன்றை மாட்டியிருப்பார்கள். ஏல் அதன் வழியாகப் பீறிட்டு வருவதால் மேலே பாலாடை மாதிரி நுரை நிற்கும். இங்கிலாந்தின் தெற்கத்திக்காரர்கள் மூடி இல்லாமல் கேட்பார்கள். இது அவர்களுக்குள் ஓயாத வழக்கு.

ஒரு பைண்ட் 568 மில்லி. அரைப் பைண்ட் கேட்பதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. எதை வாங்குவது என்று தெரியாவிட்டால் ஒரு வாய் ருசி பார்க்கக் கேட்கலாம், தருவார்கள்.

நாங்கள் சுத்த சைவம். பீரில் மீன் சேர்ப்பார்கள் என்கிறார்களே, உண்மையா? பப்பில் எங்களுக்குச் சாப்பிட என்ன இருக்கும்?
*வாசகி, கல்லிடைக்குறிச்சி*

உண்மை. பீப்பாய் ஏலில் மிதக்கும் ஈஸ்டை அடியில் படிய வைக்க, மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசையைச் சேர்ப்பது பழைய முறை. சேர்க்காத பீர்களும் இப்போது நிறைய வருகின்றன. 'வீகன்' (விலங்கிலிருந்து எடுத்த எதுவும் சேராதது) என்று கேட்டாலே போதும், எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று சொல்லிவிடுவார்கள்.

சாப்பாட்டில் இரண்டு இடத்தில் ஏமாறுவோம். யார்க்ஷயர் புட்டிங் இனிப்பு அல்ல. மாவு, முட்டை, பால் கரைத்துச் சூடான கொழுப்பில் ஊற்றிச் சுட்டு, இறைச்சிக் குழம்போடு வைப்பது. இன்னொன்று உருளைக்கிழங்கு சிப்ஸ். அந்த வட்டாரத்தில் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பது பழைய வழக்கம். எந்த எண்ணெய் என்று கேட்காமல் வாங்காதீர்கள். சமையலறை மதியத்துக்கு மேல் மூடி, மாலையில் திறந்து, ராத்திரி எட்டு ஒன்பதுக்கே மறுபடி மூடிவிடும். பப் திறந்திருப்பதை நம்பிப் பசியோடு போய் நிற்க வேண்டாம். குடிக்காதவர்கள் எலுமிச்சைச் சாறு விட்ட சோடா கேட்கலாம். விலையும் மலிவு, யாரும் ஏனென்று கேட்கவும் மாட்டார்கள்.

ஆற்றங்கரையில் ஒரு பப் வெள்ளத்தில் மூழ்கிக் கிடக்கும் படத்தைப் பேப்பரில் பார்த்தேன். அதை எப்படி நடத்துகிறார்கள்?
*வாசகர், திருநெல்வேலி டவுண்*

'கிங்ஸ் ஆர்ம்ஸ்'. ஊஸ் ஆற்றின் படித்துறையை ஒட்டியது. குறுக்குத்துறை முருகன் கோயிலைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை: வெள்ளம் வரும், போகும், கட்டடம் நிற்கும். உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோவது போல இங்கே பீர்ப் பீப்பாய்களை மாடியில் வைத்திருக்கிறார்கள். எந்தெந்த ஆண்டு எவ்வளவு தண்ணீர் ஏறியது என்று உள்ளே அளவு குறித்திருக்கிறது. 2000 நவம்பரில் ஆறு வழக்கமான மட்டத்துக்கு மேல் சுமார் 5.4 மீட்டர் ஏறியது. டாட்காஸ்டர் ஊரில் 1758-லிருந்து இயங்கும் சாமுவேல் ஸ்மித் மதுவடிப்பாலையின் பப் இது. அந்தக் கம்பெனி பப்களில் கைபேசியில் பேசக்கூடாது. அழைப்பு வந்தால் வெளியே போய்ப் பேசுங்கள். கனமழைக்குப் பின் போவதென்றால் திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போங்கள்.

கூட வரும் மகனுக்கு 17 வயது. உள்ளே விடுவார்களா?
*வாசகர், சங்கரன்கோவில்*

பெரியவர்களோடு போனால் பெரும்பாலான பப்களில் விடுவார்கள். சிலவற்றில் பிள்ளைகளுக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு. மது வாங்க 18 ஆக வேண்டும். மேசையில் சாப்பாட்டோடு, பெரியவர் வாங்கித் தந்தால், 16, 17 வயதுக்காரர் பீரோ ஒயினோ குடிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனாலும் கொடுப்பதும் கொடுக்காததும் பப்காரர் இஷ்டம். 25 வயதுக்குக் குறைவாகத் தெரிகிற எல்லாரிடமும் அடையாளம் கேட்பார்கள். நம் ஊர் ஓட்டுநர் உரிமத்தை ஏற்காத இடங்கள் உண்டு. பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும்.

வாடகைக் கார் ஓட்டிப் போகிறோம். ஒரு பைண்ட் குடிக்கலாமா?
*வாசகர், களக்காடு*

இங்கிலாந்தில் ஓட்டுகிறவரின் 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம் ஆல்கஹால் வரை சட்டம் விடும். நம் நாட்டில் 30. அங்கே தாராளம் என்று கணக்குப் போட வேண்டாம். ஒரு பைண்டிலேயே எவ்வளவு ஏறும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். யார்க்கின் பழைய பப்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று நடை தூரம்தான். ஊருக்கு வெளியே 'பார்க் அண்ட் ரைட்' நிறுத்துமிடங்கள் இருக்கின்றன. குடிக்காதவர் ஓட்டுவதாக இருந்தால் வண்டியை அங்கே விட்டுவிட்டுப் பஸ்ஸில் வாருங்கள். எல்லாரும் குடிப்பதாக இருந்தால் வண்டியைத் தங்கும் இடத்திலேயே விட்டுவிடுங்கள்.